இரண்டும் சிவப்புக் கிண்ணம்தான்

கேள்வி: காய்ந்த சுள்ளியில் முளைத்த சிவப்புக் கிண்ணக் காளானைப் படம் எடுத்திருக்கிறேன். சார்கோசைஃபா காக்சினியாவா, ஆஸ்ட்ரியாக்காவா?

பதில்: படத்தை மட்டும் பார்த்து யார் அடித்துச் சொன்னாலும் நம்பாதீர்கள். அதே சிவப்பு, கிட்டத்தட்ட அதே அளவு, இரண்டுமே செத்த மரத்தில் குளிர்காலக் கடைசியில் தலைகாட்டுபவை. கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில் வெளுப்பாகத் தெரியும் நுண்ரோமத்தைக் கொஞ்சம் சுரண்டி, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள்; நேராகவோ லேசாக வளைந்தோ இருந்தால் காக்சினியா, ஸ்பிரிங் மாதிரி சுருண்டு கிடந்தால் ஆஸ்ட்ரியாக்கா. அப்புறம் வித்துகள், அதாவது காளான் பரவ உதவும் நுண்துகள்கள் (ஸ்போர்கள்). காக்சினியாவில் முனை உருண்டை, மற்றதில் பெரும்பாலும் சற்றுத் தட்டை, ஆனால் முதிர்ந்த கிண்ணத்தில்தான் இதைப் பார்க்க வேண்டும். சரி, சுள்ளி லிண்டன் மரத்தினுடையதா? அப்படியென்றால் ஜுரானா என்ற மூன்றாவது இனத்தையும் சந்தேகப்படுங்கள்.