கொடிமலை ஏறிப் பழகிய கால்களுக்கு கிராண்ட் கேன்யன் கஷ்டமா?

கேட்டவர் கோலாலம்பூர்க்காரர். வாராவாரம் புக்கிட் காசிங் குன்றில் நடக்கிறாராம். அக்டோபரில் அமெரிக்காவின் அரிசோனா போகிறார். கிராண்ட் கேன்யனில் நடக்கவும் படமெடுக்கவும் எப்படித் தயாராவது என்று கேட்டிருக்கிறார்.

நான் பினாங்கு. ஞாயிறு காலையில் மூன் கேட் பாதை வழியாகக் கொடிமலை, அதாவது பினாங்கு ஹில், ஏறுவது பல வருடப் பழக்கம். அந்தத் திமிரில் போய்த்தான் மாட்டிக்கொண்டேன். நம் மலையில் முடியவில்லை என்றால் திரும்பிவிடலாம், இறக்கம்தானே. அங்கே எல்லாம் தலைகீழ். பஸ் உங்களை உச்சியில் இறக்கிவிடும். சுகமாக இறங்குவீர்கள், களைப்பு தெரியும்போது ஏற்றம் முழுக்க பாக்கி இருக்கும். சவுத் கைபாப் பாதையில் சீடர் ரிட்ஜ் என்ற முகடு வரை 2.4 கிலோமீட்டர்தான். இறங்க நாற்பது நிமிடம் ஆனது, ஏற ஒன்றரை மணி நேரம். அந்தப் பாதையில் குடிக்கத் தண்ணீரே கிடையாது. அப்புறம், கொடிமலை 833 மீட்டர். அங்கே தெற்கு விளிம்பே சுமார் 2,100 மீட்டர். மூச்சு வாங்கத்தான் செய்யும்.

என்னை ஏமாற்றியது வியர்வை. இங்கே நாலு வளைவு ஏறினால் சட்டையைப் பிழியலாம். அங்கே சட்டை மொடமொடவென்று காய்ந்தே இருந்தது, வியர்க்கவில்லை என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றினால் விளிம்பில் வெள்ளையாக உப்புக் கோடு. வியர்வை வந்த வேகத்தில் காற்று குடித்துவிடுகிறது. வெறும் தண்ணீராகக் குடித்துத் தலைவலிதான் மிச்சம். நம் மலையில் ஆசாம் போய் (உப்பிட்டுக் காயவைத்த புளிப்புப் பிளம்) வாயில் போடுவோமே, அந்த வேலையை அங்கே உப்புப் பிஸ்கட் செய்தது.

சரி, படம். நடுப்பகலில் எடுத்ததெல்லாம் தபால் அட்டைதான், ஆழமே தெரியாது. சூரியன் சாய்ந்து, ஒரு முகட்டின் நிழல் அடுத்த முகட்டில் விழும்போதுதான் பள்ளம் பள்ளமாகத் தெரிகிறது. தூரத்தில் ஒரு ஆளோ கோவேறு கழுதையோ வரட்டும் என்று காத்திருங்கள், அளவு புரியும். காற்றில் மணல் பறக்கும், அதனால் வழியில் லென்ஸ் மாற்றாதீர்கள்.

பேஜ் ஊருக்குப் பக்கத்தில் ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகலான பாறைப் பிளவுக்கும் போவீர்கள் என்றால், அது நவாஹோ பழங்குடி மக்களின் நிலம், வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். கேமரா முக்காலியை ஓட்டலிலேயே வைத்துவிடுங்கள். உள்ளே வெளிச்சம் நேராக வருவதில்லை. சுவருக்குச் சுவர் பட்டுத் தெறித்து ஆரஞ்சாக இறங்குகிறது. நிறத்தைத் தானே சரிசெய்யும் கேமராவின் ஆட்டோ வைட் பேலன்ஸ் அந்த ஆரஞ்சைக் குறையென்று நினைத்துச் சாம்பலாக்கிவிடும். பகல் வெளிச்சம் என்று நீங்களே வைத்துவிடுங்கள், வெளிச்சம் குறைவு என்பதால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏற்றிக்கொள்ளுங்கள். மழை காரணமாக நுழைவை ரத்து செய்தால் சண்டை போடாதீர்கள். 1997 ஆகஸ்டில் அங்கே வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். மழை பெய்தது அங்கே இல்லை, பல கிலோமீட்டர் மேலே.

பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன். பத்துமலையின் 272 படிகள் போதாது. ஒரு சனிக்கிழமை பினாங்கு வாருங்கள். காலை ரயிலில் கொடிமலை உச்சிக்குப் போய், ஜீப் பாதையில் தாவரவியல் பூங்கா வரை நடந்து இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, அதே பாதையில் திரும்ப ஏறுங்கள். பாதி வழியில் என்னைத் திட்டுவீர்கள், பரவாயில்லை.