பள்ளியில் கற்பித்தலோடு தொழில்நுட்பத்தை இணைக்கத் திட்டம் போடுகிறோம். எட்டு வகுப்பறை, வகுப்புக்கு 30 பேர், ஆளுக்கொரு டேப்லெட் என்பது கணக்கு. முதலில் எதை வாங்குவது?

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். 240 டேப்லெட் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். எந்தப் பாடத்துக்கு என்பது மட்டும் கேள்வியில் எங்குமே இல்லை.

ஆளுக்கொரு கருவி கொடுத்துப் பார்த்த அனுபவம் உலகத்துக்கு உண்டு. பெரு நாட்டின் மடிக்கணினித் திட்டத்தை 319 பள்ளிகளில் ஆராய்ந்து அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கி 2012இல் முடிவை வெளியிட்டது. ஒரு மாணவருக்கு 0.12 என்றிருந்த கணினி 1.18 ஆனது. கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கருவி போய்ச் சேர்ந்தது, அதை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்பது போய்ச் சேரவில்லை.

ஆகவே பாடத்திலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு பாட ஆசிரியரிடமும், எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் பிள்ளைகள் தடுக்கி விழும் இரண்டு இடங்களை எழுதித் தரச் சொல்லுங்கள். அறிவியலில் பெரும்பாலும் மின்சுற்று வரும். தொடர் இணைப்பில் முதல் பல்பு மின்னோட்டத்தைத் "தின்றுவிடும்", இரண்டாவதற்குக் குறைவாகத்தான் போகும் என்று நிறையப் பிள்ளைகள் நம்புவார்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) தளத்தில், திரையிலேயே மின்சுற்றைக் கட்டிப் பார்க்கும் இலவசப் பாவனை மென்பொருள் இருக்கிறது. பல்புக்கு முன்னும் பின்னும் மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை வைத்தால் இரண்டும் ஒரே அளவைக் காட்டும். ஆனால் திரையைத் திறப்பதற்கு முன் ஒவ்வொருவரும் தன் கணிப்பைத் தாளில் எழுதியாக வேண்டும். எழுதாமல் பார்த்தால் "எனக்கு முன்பே தெரியும்" என்று கடந்துபோவார்கள். பழைய நம்பிக்கை அப்படியே உள்ளே இருக்கும்.

இந்தப் பாடத்துக்கு மூன்று பேருக்கு ஒரு கருவி போதும், அதாவது 10. மூவரும் வாதாடுவதில்தான் கற்றலே நடக்கிறது. வாசிப்புப் பயிற்சி, தனித்தனியாக விடை திருத்தும் கணிதப் பயிற்சி போன்றவற்றுக்குத்தான் ஆளுக்கொன்று தேவை. அவற்றை வெவ்வேறு பாடவேளைகளில் வைத்தால் ஒரே 30 கருவித் தொகுப்பைப் பல வகுப்புகள் பகிர்ந்துகொள்ளலாம்.

அடுத்து நிமிடக் கணக்கு. 40 நிமிடப் பாடவேளையில் எடுத்துக் கொடுக்க 4, லாகின் செய்ய 5, திரும்ப அடுக்க 4 போனால் மிச்சம் 27. லாகினில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டால் அதுவும் இல்லை. கருவிக்கும் மாணவருக்கும் ஒரே எண் கொடுங்கள். பயனர் பெயரில் வகுப்பைச் சேர்க்காமல் சேர்ந்த ஆண்டைச் சேர்த்தால் வருடா வருடம் மாற்ற வேண்டியதில்லை. கணக்குகளை முன்கூட்டியே மொத்தமாக உருவாக்கி வையுங்கள். 30 பேரும் வகுப்பில் ஒரே நேரத்தில் பதிவு செய்தால், எல்லாம் பள்ளியின் ஒரே இணைய முகவரியிலிருந்து வருவதால் பல தளங்கள் ரோபோ என்று நினைத்துத் தடுத்துவிடும்.

திட்டங்கள் அதிகமாகக் கவிழ்வது நெட்வொர்க்கில். ஒருவர் 720 தரத்தில் வீடியோ பார்க்க விநாடிக்கு சுமார் 2.5 மெகாபிட் வேண்டும். 30 பேருக்கு 75. அதே பத்து நிமிட வீடியோவை ஒருமுறை இறக்கி வைத்தால் 190 மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும். இறக்கிவைத்த பாடங்களைப் பள்ளிக்குள்ளேயே பரிமாற கோலிப்ரி போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது, பழைய கணினியே சர்வராகப் போதும்.

இணைய வேகம் போதுமான அளவு இருந்தும் வைஃபை கிடைக்காமல் போவதுண்டு. நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி என்ற அடையாள எண் வேண்டும். சாதாரண ரவுட்டர் தரக்கூடியவை அதிகபட்சம் 250 சொச்சம். 240 டேப்லெட்டும் ஆசிரியர்களின் போன்களும் சேர்ந்தால் அது தீர்ந்துவிடும். கடைசியாக வந்தவருக்கு வைஃபை இணையவே இணையாது, எல்லாரும் டேப்லெட்டைக் குறை சொல்வார்கள். முகவரி வரம்பைப் பெரிதாக்கி, ஒரு கருவி தன் முகவரியை வைத்திருக்கும் கால அளவை ஒரு மணி நேரமாகக் குறைத்தால் சரியாகும். வைஃபை பரப்பும் ஆக்சஸ் பாயிண்டை வராந்தாவில் மாட்டாமல் வகுப்பறைக்குள் மாட்டுங்கள். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே, எட்டு அறைக்கு அது காணாது. 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போங்கள்.

அப்டேட்டுகளை இரவுக்கு ஒத்திவையுங்கள். 30 கருவிகள் தலா 1 கிகாபைட் இறக்கினால், 50 மெகாபிட் இணைப்பில் 80 நிமிடம். இரண்டு பாடவேளை காலி.

மின்சாரம்: 65 வாட் மடிக்கணினி 30 என்றால் 1,950 வாட், 230 வோல்ட்டில் எட்டரை ஆம்பியர். ஒரே எக்ஸ்டென்ஷனில் தொங்கவிடாதீர்கள். டேப்லெட்டுக்கு இதில் கால் பங்குதான் வரும். உதிரியாகப் பத்தில் ஒன்று வையுங்கள். பயன்படுத்திய கணினி வாங்குவதானால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்ததை மனதில் வையுங்கள். கூகுளின் குரோம் இயங்குதளத்தில் ஓடும் குரோம்புக் என்றால் அந்த மாடலுக்கு அப்டேட் எந்தத் தேதியில் நிற்கும் என்று பார்த்துத்தான் விலை பேச வேண்டும். அது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து கணக்கிடப்படுவதில்லை.

ஆசிரியர் பயிற்சிக்கு ஒருநாள் கூட்டம் போட்டு, தேநீர் கொடுத்து, சான்றிதழ் கொடுத்து அனுப்புவது வீண். பாடம் தெரிவது, கற்பிக்கும் முறை தெரிவது, கருவி தெரிவது ஆகிய மூன்றும் சந்திக்கும் இடமே தனி அறிவு என்று கல்வி ஆய்வாளர்கள் மிஸ்ராவும் கோலரும் 2006இல் எழுதினார்கள். பொத்தான்களைக் காட்டும் பயிற்சி மூன்றாவதை மட்டுமே தொடுகிறது. ஒரே பாடம் எடுக்கும் இருவரை இணைத்து, ஒரு பருவத்துக்கு இரண்டு கருவிப்பாடங்கள் மட்டும் தயாரிக்க விடுங்கள். ஒருவர் நடத்த, மற்றவர் பின்னால் உட்கார்ந்து எங்கே நிமிடம் கரைகிறது என்று குறிக்கட்டும். இதற்காக அட்டவணையில் வாரம் ஒரு பாடவேளை ஒதுக்காவிட்டால் நடக்காது. தலைமை ஆசிரியர் கையொப்பமிட வேண்டிய முதல் தாள் அந்த அட்டவணைதான், கொள்முதல் ஆணை அல்ல.

பலனை அளக்க லாகின் எண்ணிக்கையைக் காட்டாதீர்கள், அது வருகைப் பதிவேடு மட்டுமே. அதே தடுக்கும் இடத்தில் ஐந்து கேள்விகளைப் பாடத்துக்கு முன்பும், மூன்று வாரம் கழித்தும் கேளுங்கள். இன்னொரு பிரிவுக்குக் கரும்பலகையில் நடத்தி அதே கேள்விகளைக் கொடுங்கள். இரண்டு பிரிவும் ஒரே அளவில் நின்றால் அந்தப் பாடத்துக்குக் கருவி தேவையில்லை என்று பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அந்த நேரத்தை அடுத்த பாடத்துக்குக் கொடுங்கள். முதல் பருவத்தில் பாதிப் பாடங்கள் இப்படிக் கழிந்தாலும் கவலைப்பட வேண்டாம். எத்தனை கருவி வாங்குவது என்ற எண் மிஞ்சியவற்றிலிருந்துதான் வரும்.