புதுப்பிப்பை உடனே நிறுவலாமா, பொறுத்திருக்கலாமா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஏறத்தாழ 150 விண்டோஸ் கணினிகள் உள்ளன. புதுப்பிப்பு வந்த அன்றே எல்லாவற்றிலும் நிறுவ வேண்டும் என்கிறார் மேலாளர். முன்பு அப்படிச் செய்தபோது கணக்குப் பிரிவின் பிரிண்டர்கள் முடங்கியதால் தயங்குகிறேன். என்ன செய்யலாம்?
– கணினிப் பிரிவுப் பொறுப்பாளர், ஈரோடு

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானதே, ஆனால் அதற்கு ஒரு கெடு வேண்டும். 2017 மார்ச் 14 அன்று விண்டோஸின் ஓட்டை ஒன்றை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. எட்டு வாரம் கழித்து, மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாகிரை என்ற நச்சுநிரல் அதே ஓட்டை வழியாகப் பரவியபோது, திருத்தம் நிறுவப்படாத கணினிகளால் இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவை நிலைகுலைந்து, ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாயின.

மேலாளரின் வழியிலும் ஆபத்து உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. 78 நிமிடங்களில் அதைத் திரும்பப் பெற்றும், ஏற்கெனவே முடங்கியவற்றில் பலவற்றை ஊழியர்கள் ஒவ்வொன்றாகக் கையால் மீட்க நேர்ந்தது. அது புதிய பதிப்பல்ல, தரவுக் கோப்பு என்பதால், கிரவுட்ஸ்ட்ரைக் மென்பொருளின் பழைய பதிப்பிலேயே இருக்கும்படி அமைத்திருந்த நிறுவனங்களுக்கும் அந்தக் கோப்பு போய்ச் சேர்ந்தது. ஆகவே, உங்கள் வைரஸ் தடுப்பு மென்பொருளின் அன்றாடத் தரவுக் கோப்புகளும் உங்கள் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றனவா என்று விற்பனையாளரிடம் கட்டாயம் கேளுங்கள்.

மைக்ரோசாஃப்டின் மாதாந்திரத் திருத்தங்கள் இரண்டாம் செவ்வாயன்று, நம் நேரப்படி இரவில், வெளியாகின்றன. புதன்கிழமை பத்துக் கணினிகளில் மட்டும் நிறுவுங்கள். அவற்றை உங்கள் பிரிவிலிருந்தே எடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. கணக்கு, விற்பனை, கிடங்கு என ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒன்றையாவது சேர்த்து, அச்சிடுவது உட்பட அன்றாட வேலைகளை அவரவரையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு நாளில் புகார் வராவிட்டால் ஏழு நாட்களுக்குள் மற்றவற்றிலும் முடித்துவிடுங்கள். தாக்குதலுக்கு ஏற்கெனவே பயன்படும் ஓட்டை என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் எச்சரித்தால், சோதனையை ஒரே நாளாகச் சுருக்குங்கள். சர்வர்களைத் தொடுமுன் காப்புநகலை எடுத்தால் போதாது, அதிலிருந்து மீட்டும் பார்த்திருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் முன்னால், 150 என்ற உங்கள் கணக்கைச் சரிபாருங்கள். விடுப்பில் இருப்பவரின் மடிக்கணினியும், நிறுவிய பிறகும் ரீஸ்டார்ட் செய்யப்படாத கணினியும் முடிந்தவற்றின் பட்டியலில் இருக்கக் கூடாது.