ட்ரூ டிடெக்டிவ், கடைசி எபிசோட் – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

ரஸ்ட், மார்ட்டின்னு ரெண்டு போலீஸ்காரங்க ஒரு கொலகாரன தேடற ட்ரூ டிடெக்டிவ் டிவி தொடரோட முதல் சீசன் இப்பதான் பாத்து முடிச்சேன். ஏழு எபிசோட் வரைக்கும் தூக்கமே வரல, எட்டாவதுல சப்புன்னு ஆயிடுச்சு. கொலைக்குப் பின்னாடி யெல்லோ கிங் யெல்லோ கிங்னு ஒரு மர்ம ஆள் இருக்கற மாதிரி அவ்ளோ பில்டப் குடுத்துட்டு கடைசில புல் வெட்டுறவன புடிக்கிறாங்க. இதுக்கெல்லாம் பின்னாடி இருக்கற பெரிய எடத்து டட்டில் குடும்பத்துல ஒருத்தரும் மாட்டல. எல்லாமே அர்த்தமில்லாததுன்னு பேசிட்டு இருந்த ரஸ்ட் திடீர்னு வெளிச்சம் ஜெயிக்குதுங்கறார். ஆனா அந்த ஆஸ்பத்திரி சீன்ல அழுதுட்டேன் சார். எனக்கு புடிச்சிருக்கா இல்லையான்னே புரியல. ரெண்டாவது சீசன் பாக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

(இன்னும் பாக்காதவங்க இங்கயே நிறுத்திக்கோங்க, எல்லாத்தையும் போட்டு உடைக்கப் போறேன்.)

கோபம் நியாயம்தான், ஆனா தப்பான ஆள் மேல பட்டிருக்குன்னு தோணுது.

அந்தப் புல் வெட்டுறவன், எரல் சில்ட்ரஸ், கடைசில வந்து குதிச்ச ஆளில்ல. மூணாவது எபிசோட்லயே மூடிக் கெடக்கற ஸ்கூல்ல ரஸ்ட் அவன்கிட்ட நின்னு பேசறார், மார்ட்டி கூப்பிடவும் கெளம்பிடறார், அவன அடையாளம் காட்டியிருக்க வேண்டிய மூஞ்சித் தழும்பு தாடிக்குள்ள மறைஞ்சிருக்கு. ஏழாவது முடியறப்ப இவன்தான்னு நமக்கு காட்டியும் குடுத்துடறாங்க. ஒளிச்சு வச்சு ஏமாத்தறதுன்னா 2011ல வந்த தி கில்லிங் முதல் சீசன பாருங்க, 13 எபிசோட் ஓட்டிட்டு கொலகாரன் யாருன்னே சொல்லாம முடிச்சாங்க, அதுக்குப் பேருதான் போங்கு. இங்க அவன புடிக்கற வழி வேணா சுமார்னு சொல்லலாம், பழைய ஃபோட்டோல ஒரு வீட்டோட பச்ச பெயிண்ட்ட பாத்து யார் அடிச்சதுன்னு தேடிப் போறது. ஆனா அத ரஸ்ட் இல்லாம மார்ட்டி கவனிக்கறது எனக்கு புடிச்சிருந்துது, அவ்ளோ தத்துவம் பேசியும் கேஸ் உடையறது ஒரு பெயிண்ட் வேலையோட கணக்குல.

பில்டப்னு சொன்னீங்களே, அதுல பாதி பாத்தவங்க குடுத்தது. 2014 ஜனவரி 12லேருந்து மார்ச் 9 வரைக்கும் மெதுவா வந்த தொடர், நடுவுல ஆளாளுக்கு ஒரு தியரி, ராபர்ட் சேம்பர்ஸ் 1895ல எழுதுன கதைப் புத்தகத்துலேருந்துதான் யெல்லோ கிங்ங்கற பேர் வந்துதுன்னு கண்டுபுடிச்சு அந்த பழைய புத்தகம் திடீர்னு விக்க ஆரம்பிச்சுது, கடைசி எபிசோட் அன்னைக்கு கூட்டம் தாங்காம, தொடர ஆன்லைன்ல காட்டுன எச்பிஓ கோ படுத்துருச்சு. இவ்ளோ பேர் கற்பனை பண்ணி வச்ச ராஜாவ எந்த நடிகர் வந்து நின்னாலும் ஈடுகட்ட முடியாது.

டட்டில் விஷயத்துல உங்களோட சுத்தமா ஒத்துப்போகல. செனட்டர் டட்டிலுக்கும் இதுக்கும் சம்பந்தம் கெடையாதுன்னு டிவில செய்தி ஓடுதே, அந்த எபிசோட்லயே எனக்கு ரொம்ப புடிச்ச சில நொடி அதுதான். 1995லயே ரெவரெண்ட் பில்லி லீ டட்டில் தரப்பு டாஸ்க் ஃபோர்ஸ்னு ஒண்ண கொண்டாந்து கேஸ கைல எடுக்கப் பாத்துது, ஸ்கூல் அவங்களுது, சர்ச் அவங்களுது, 17 வருஷம் பூசி மொழுகியிருக்காங்க, ரெண்டு மாஜி போலீஸ்காரங்க குத்துப்பட்டு கெடந்ததால அது கவுந்துடுமா? கவுந்திருந்தாதான் நான் நம்பியிருக்க மாட்டேன்.

ரஸ்ட் திடீர்னு மாறுனதாவும் எனக்குப் படல. முதல் எபிசோட்லயே அவர் வீட்ல பேருக்குக் கூட சாமான் இல்ல, தரைல ஒரு மெத்த, செவுத்துல சிலுவை. கடவுள நம்பாதவனுக்கு எதுக்குய்யா இதுன்னு மார்ட்டியே கேக்கறார். கடைசிலயும் கடவுள் இருக்கார்னு ரஸ்ட் சொல்லல, செத்துப்போன மகளோட அன்ப அந்த இருட்டுக்குள்ள உணர்ந்தேங்கறார், அவ்ளோதான். நட்சத்திரத்த பாத்து வெளிச்சம் ஜெயிக்குதுங்கற அந்த வசனம் கொஞ்சம் ஓவர், அது சரி. மேத்யூ மெக்கானஹே கொரல்ல சொன்னதால தப்பிச்சுது.

நீங்க எந்த எடத்துல அழுதீங்கன்னு எழுதல. எனக்கு மார்ட்டி சீன்தான், அவரோட மாஜி பொண்டாட்டி மேகியும் பொண்ணுங்களும் கட்டில சுத்தி நிக்க நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டே உடையறார், வுடி ஹாரல்சன் பின்னிட்டார். ஆனா என் கோபமும் அதே சீன் மேலதான். ரெண்டாவது எபிசோட்ல மார்ட்டியோட பொண்ணு ஆட்ரி, அப்ப சின்னப் புள்ள, பொம்மைங்கள அடுக்கி வச்சிருப்பா, ஒரு பொம்பள பொம்மையச் சுத்தி ஆம்பள பொம்மைங்க, கேமரா அத நமக்குன்னே காட்டும். அப்பறம் ஸ்கூல்ல அவ வரைஞ்ச படங்கள் பிரச்சன ஆகும், 2002ல அவ வேற மாதிரி வளந்து நிப்பா. காணாம போன புள்ளைங்கள தேடற போலீஸ்காரன் தன் வீட்டுப் புள்ளய பாக்கவே இல்லங்கறதுதான் இந்தக் கதைன்னு ஏழு எபிசோட் நம்பிட்டு இருந்தேன். யாரும் அவள ஒண்ணும் பண்ணலன்னாவது ஒரு வரி வேணும்ல? கடைசில அவள கூட்டிட்டு வந்து அப்பா அழறதுக்கு சாட்சியா நிக்க வச்சுட்டு அனுப்பிட்டாங்க. டட்டில் தப்பிச்சதுக்காவது ஒரு செய்தி ஓடுது, இவளுக்கு அதுவும் இல்ல.

ரெண்டாவது சீசன் 2015, கலிஃபோர்னியா, முழுக்க வேற கதை வேற ஆளுங்க. எழுதுனது அதே நிக் பிட்ஸலாட்டோ, ஆனா முதல் சீசன் எட்டையும் இயக்குன கேரி ஃபுக்குனாகா இதுல இயக்கல, அது நல்லாவே தெரியும். இந்த சூட்டோட பாக்காதீங்க, கொஞ்ச நாள் போகட்டும். காலின் ஃபேரலுக்காக பாக்கலாம்.