டெஸ்டோஸ்டிரோன் 262: ஊசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. திண்டுக்கல்லில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். உயரம் 167 செ.மீ., எடை 88 கிலோ, இடுப்புச் சுற்றளவு 104 செ.மீ. இரண்டு வருடமாக ஒரே அசதி. தாம்பத்தியத்தில் நாட்டம் குறைந்துவிட்டது, விறைப்பும் முன்போல் இல்லை. குறட்டை அதிகம் என்று மனைவி பக்கத்து அறையில் படுக்கிறார். போன மாதம் மாஸ்டர் செக்கப் செய்துகொண்டேன். மதியம் சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். டெஸ்டோஸ்டிரோன் 262, குறைவு என்று வந்திருக்கிறது. மூன்று மாத சராசரி சர்க்கரை 6.3, ட்ரைகிளிசரைடு 240, நல்ல கொழுப்பு 34. புதிதாகச் சேர்ந்திருக்கும் ஜிம்மில் பயிற்சியாளர், "இரண்டு வாரத்துக்கு ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் தொப்பை கரையும், சர்க்கரை நோயும் வராது" என்கிறார். போட்டுக்கொள்ளலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் அசதியும் மற்ற தொந்தரவுகளும் உண்மையானவை, வயசானால் அப்படித்தான் என்று தள்ளிவிடக் கூடியவை அல்ல. ஆனால் உங்களிடம் இருக்கும் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு, பல ஆண்டுகள் தொடர வேண்டியிருக்கும் ஒரு ஹார்மோன் சிகிச்சையை யாரும் ஆரம்பிக்கக் கூடாது.

முதலில் அந்த 262-ஐப் (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை நானோகிராம்) பார்ப்போம். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், மாலைக்குள் இறங்கிவிடும். வயது கூடக் கூட இந்த ஏற்ற இறக்கம் குறையும் என்றாலும் இல்லாமல் போவதில்லை. சாப்பிட்ட பிறகும், குறிப்பாக மாவுச்சத்து நிறைய உள்ள சாப்பாட்டுக்குப் பிறகு, அளவு இன்னும் இறங்கும். நீங்கள் மதியச் சாப்பாடு முடிந்து மாலை நாலு மணிக்குக் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டுமே அளவைக் குறைத்துக் காட்டக்கூடியவை. இந்தப் பரிசோதனையைக் காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், காய்ச்சல் சளி எதுவும் இல்லாத நாளில் செய்ய வேண்டும். அதுவும் ஒரு நாள் போதாது, வேறொரு நாள் திரும்பச் செய்து இரண்டும் குறைவாக இருந்தால்தான் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். முடி கொட்டுவதற்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதை இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். சில லேப் கருவிகளில் அது ஹார்மோன் அளவுகளைத் தவறாகக் காட்ட வைக்கும். (ட்ரைகிளிசரைடு 240-க்கும் சாப்பாடு ஓரளவு காரணமாக இருக்கலாம். அதையும் வெறும் வயிற்றில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.)

எந்த எண்ணுக்குக் கீழே குறைவு என்பதிலும் மருத்துவ அமைப்புகளுக்குள் வித்தியாசம் உண்டு. அமெரிக்க சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவர்களின் சங்கம் 300 என்கிறது. அங்குள்ள ஹார்மோன் மருத்துவர்களின் சங்கம், பருமன் இல்லாத இளவயது ஆண்களின் கீழ் எல்லையாக 264-ஐக் குறிக்கிறது. இரண்டு தரப்பும் ஒத்துப்போகும் விஷயம், எண் மட்டும் போதாது, அறிகுறிகளும் சேர்ந்து இருக்க வேண்டும் என்பது.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனின் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டுதான் ஓடுகிறது. அதை இறுகப் பிடித்து வைத்திருக்கும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தைக் கல்லீரல் தயாரிக்கிறது. தொப்பையும் இன்சுலின் எதிர்ப்பும் (இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் சரியாக இணங்காத நிலை) உள்ளவர்களுக்கு இந்தப் புரதம் குறைந்துவிடும். அப்போது மொத்த அளவு குறைவாகத் தெரியும். ஆனால் எதனோடும் ஒட்டாமல் திசுக்களுக்குள் போய் வேலை செய்யும் தனி டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவில் இருக்கக்கூடும். மாஸ்டர் செக்கப் பேக்கேஜ்களில் பெரும்பாலும் இந்தப் புரதத்தைப் பார்ப்பதில்லை. மறுபடி சோதிக்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள். மொத்த அளவையும் இதையும் வைத்துத் தனி அளவை மருத்துவர் கணக்கிட்டுவிடுவார்.

சரி, எல்லாம் முறையாகச் செய்தும் குறைவாகத்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் "டெஸ்டோஸ்டிரோன் குறைந்ததால் தொப்பை வந்ததா, தொப்பையால் டெஸ்டோஸ்டிரோன் குறைந்ததா?" என்ற கேள்வி நிற்கிறது. இரண்டும் நடக்கும், ஆனால் உங்களைப் போன்றவர்களிடம் இரண்டாவதுதான் பெரிது. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பிலிருந்து கிளம்பும் அழற்சிப் பொருட்களும், அதிகமாகச் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனும், இன்சுலின் எதிர்ப்பும் சேர்ந்து மூளையின் ஹைப்போதலாமஸை மந்தமாக்குகின்றன. அங்கிருந்து மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கும் பிட்யூட்டரியிலிருந்து விரைக்கும் போக வேண்டிய உத்தரவு பலவீனமாகிவிடுகிறது. இதுபோக, கொழுப்புத் திசுவில் உள்ள அரோமட்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். டெஸ்டோஸ்டிரோன் இறங்கினால் தசை குறைந்து கொழுப்பு கூடும், கொழுப்பு கூடினால் அது இன்னும் இறங்கும். இந்தச் சுழலில்தான் நீங்கள் மாட்டியிருக்கிறீர்கள் என்பது என் கணிப்பு.

வயதின் பங்கு பலர் நினைப்பதைவிடச் சிறியது. நடுவயதுக்குப் பிறகு வருடத்துக்கு ஏறத்தாழ 1 சதவீதம் அல்லது அதற்கும் குறைவாகவே இறங்குகிறது. ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையிலான 3,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பரிசோதித்து 2010-இல் வெளியான ஆய்வில், அறிகுறிகளும் ரத்த அளவும் இரண்டும் பொருந்தி, வயது சார்ந்த டெஸ்டோஸ்டிரோன் குறைபாடு என்று உறுதியாகச் சொல்லத்தக்கவர்கள் 100-க்கு 2 பேர்தான்.

இனி உங்கள் பயிற்சியாளர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு உண்மை இருக்கிறது, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆஸ்திரேலியாவில் 50 முதல் 74 வயதுக்குட்பட்ட, இடுப்பு 95 செ.மீ.க்கு மேலுள்ள, சர்க்கரை நோயின் வாசலில் இருந்த அல்லது அப்போதுதான் நோய் தெரிந்த சுமார் ஆயிரம் ஆண்களுக்கு இரண்டு ஆண்டுகள் ஒரு ஆய்வு நடந்தது. 2021-இல் முடிவு வந்தது. நீண்ட நாள் வேலை செய்யும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்கும், வெறும் மருந்தில்லா ஊசி போட்டவர்களில் 21 சதவீதம் பேருக்கும் இரண்டாண்டு முடிவில் சர்க்கரை நோய் இருந்தது. நல்ல வித்தியாசம்தான். ஆனால் இரு பிரிவினருமே உணவு, உடற்பயிற்சித் திட்டம் ஒன்றில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். ஊசி அதற்கு மேல் ஒரு துணை. மேலும் ஊசி போட்டவர்களில் 22 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம் 54 சதவீதத்தைத் தாண்டியது. ரத்தம் அவ்வளவு கெட்டியாவதை நாங்கள் விரும்புவதில்லை, அந்த எல்லையில் மருந்தை நிறுத்துவதுதான் வழக்கம்.

அப்புறம் அமெரிக்காவில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வு. இதயநோய் உள்ள அல்லது அதற்கான அபாயம் அதிகமுள்ள, டெஸ்டோஸ்டிரோன் 300-க்குக் கீழே இருந்த 5,000-க்கும் மேற்பட்ட ஆண்கள். 2023-இல் வெளியான முடிவின்படி, டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் மற்றவர்களைவிடக் கூடவில்லை. நிம்மதி தரும் செய்தி அது. ஆனால் இதயத் துடிப்பு தாறுமாறாவதும், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பதும், சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்படுவதும் சற்று அதிகமாக இருந்தன. எலும்பு முறிவுகூட அதிகம். உங்களுக்கு முக்கியமானது வேறு: அதே ஆய்வில், உங்களைப் போல சர்க்கரை நோயின் வாசலில் இருந்தவர்களைத் தனியாகப் பார்த்தபோது, டெஸ்டோஸ்டிரோன் அவர்களைச் சர்க்கரை நோயிலிருந்து காப்பாற்றவில்லை. அங்கே உணவு, உடற்பயிற்சித் திட்டம் சிகிச்சையின் பகுதியாக இல்லை. இந்த இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எந்த மருத்துவரும், சர்க்கரையைத் தடுக்க மட்டும் ஊசியை எழுதித் தர மாட்டார்.

ஊசி இல்லாமலே சர்க்கரையைத் தள்ளிப்போட முடியும் என்பதற்குச் சென்னையிலேயே ஆதாரம் இருக்கிறது. 2006-இல் வெளியான இந்திய சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தவர்களில் வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. நடை, உணவு மாற்றம் என்று தொடர்ந்து வழிநடத்தப்பட்டவர்களில் அது 39 சதவீதம். நம் ஊர்ச் சாப்பாட்டோடும் நம் வேலை நேரத்தோடும் கிடைத்த பலன் இது.

டெஸ்டோஸ்டிரோனும் இதே வழியில் ஏறும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், உணவுக் கட்டுப்பாட்டால் எடையில் சுமார் 10 சதவீதம் குறைத்த ஆண்களுக்கு அது சராசரியாக 80-க்கு மேல் கூடியிருந்தது. உங்களுக்கு 10 சதவீதம் என்றால் 79 கிலோ. ஒரு வருடத்தில் அடையக்கூடிய இலக்குதான். இடுப்பு 90 செ.மீ.க்குக் கீழே வர வேண்டும் என்பது நம் நாட்டு ஆண்களுக்கான அளவு. ஆனால் முதல் ஆறு செ.மீ. குறைந்தாலே ரத்தப் பரிசோதனையில் மாற்றம் தெரியும்.

சாப்பாட்டில் பெரிய புரட்சி வேண்டாம். காலையில் ஐந்து இட்லி என்றால் மூன்றாக்கி, கூடவே இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ வையுங்கள். மதியச் சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் பொரியலும் கூட்டும் பருப்பும் மீனும் வரட்டும். கடைக்கு வரும் டீயில் சர்க்கரை போட வேண்டாம் என்று பையனிடம் சொல்லிவைத்துவிடுங்கள், ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று எண்ணிப் பார்த்தால் அதன் கணக்கு புரியும். இரவு கடையை அடைத்துவிட்டுப் பத்து மணிக்குப் பரோட்டா சாப்பிடும் பழக்கம் இருந்தால் அதைத்தான் முதலில் விட வேண்டும். மது குடிக்கிறவராக இருந்தால் அது நேரடியாகவே விரையின் வேலையைக் குறைக்கும். ஜிம்மை விடாதீர்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியும் தினமும் அரை மணி நடையும் தசையைக் காப்பாற்றும். ரத்தச் சர்க்கரையில் பெரும்பகுதியை உறிஞ்சி எடுப்பது தசைதான்.

குறட்டையைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. 104 செ.மீ. இடுப்பு, பகல் முழுக்க அசதி, பக்கத்தில் படுக்க முடியாத அளவுக்குக் குறட்டை என்றால், தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு நிற்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். குறட்டை திடீரென்று நின்று, சில நொடிகள் கழித்துத் திணறி மூச்சு இழுக்கிறீர்களா என்று மனைவியிடம் கேளுங்கள். டெஸ்டோஸ்டிரோனின் பெரும்பகுதி தூக்கத்தில்தான் சுரக்கிறது. ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தபோதே அவர்களின் பகல் நேர அளவு 10 முதல் 15 சதவீதம் இறங்கியது. மூச்சுத்தடை கண்டுபிடிக்கப்படாத நிலையில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் அந்தத் தடை மோசமாகலாம். நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ தூக்கப் பரிசோதனைக்கு எழுதி வாங்குங்கள்.

ஊசி யாருக்குத்தான் தேவை? காலையில் இருமுறை சோதித்தும் தெளிவாகக் குறைவு, அறிகுறிகளும் உண்டு, அதற்கு விரையிலோ பிட்யூட்டரியிலோ காரணம் இருக்கிறது என்றால் கட்டாயம் தேவை, பலனும் நன்றாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின் என்ற பிட்யூட்டரி ஹார்மோன்களின் பரிசோதனைகள். கூடவே தலைவலி, பார்வையின் ஓரங்கள் மங்குதல், மார்பில் வீக்கம் அல்லது பால் கசிவு இருந்தால் எடை குறையட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஹார்மோன் மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சை தொடங்கினாலும் ப்ராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை, சிவப்பணு விகிதம் இரண்டையும் முன்பும் பின்பும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜிம்மில் போடும் ஊசியில் இந்தக் கண்காணிப்பு எதுவும் கிடையாது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை தன் உத்தரவை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு உற்பத்தி அடியோடு குறையும். உங்கள் ஜிம்மில் கல்யாணமாகாத பையன்களும் இதே ஊசியைப் போட்டுக்கொள்கிறார்கள் என்றால், தயவுசெய்து இதை அவர்களிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, விறைப்புக் குறைவு. இதை டெஸ்டோஸ்டிரோன் கணக்கில் மட்டும் எழுதிவிடாதீர்கள். ஆணுறுப்புக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடக் குறுகலானவை. ரத்தக்குழாய் கெட்டுப்போவது முதலில் அங்கே தெரிந்து, சில ஆண்டுகள் கழித்து நெஞ்சு வலியாக வருவது அடிக்கடி நடக்கிறது. 54 வயது, தொப்பை, கூடுதல் ட்ரைகிளிசரைடு, குறைந்த நல்ல கொழுப்பு, எல்லைக்கோட்டில் சர்க்கரை இத்தனையும் இருக்கிற உங்களுக்கு, ஜிம்மில் எடையைக் கூட்டுவதற்கு முன் ரத்த அழுத்தம், இ.சி.ஜி., தேவைப்பட்டால் டிரெட்மில் பரிசோதனை பார்த்தாக வேண்டும். மருத்துவரிடம் அசதி என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். விறைப்பு சரியில்லை என்று வாய்விட்டுச் சொன்னால்தான் அவர் இதயத்தைப் பார்க்க நினைப்பார்.

அதற்குள் மருந்துக் கடையில் விறைப்புக்கான சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற மாத்திரையோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறங்கும். ஏற்கெனவே போட்டிருந்து, பிறகு நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், எந்த மாத்திரையை எப்போது போட்டீர்கள் என்பதை டூட்டி டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.