இயல்காட்டை மீட்டல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கைவிடப்பட்ட விளைநிலத்தில் காட்டை மீண்டும் கொண்டுவர எந்த மரங்களை முதலில் நட வேண்டும்?

பதில்: நடுவதற்கு முன் ஒரு மழைக்காலம் முழுவதும் அந்த நிலத்தைக் கவனியுங்கள். குனிந்து புல்லை விலக்கிப் பார்த்தால், பறவை எச்சத்திலிருந்து முளைத்த கன்றுகளும், வெட்டுப்பட்ட அடிமரத்திலிருந்து கிளம்பிய துளிர்களும் பல இடங்களில் தென்படும். முன்பே வேரூன்றிவிட்ட அவற்றைச் சுற்றிக் களையெடுத்து, மேய்ச்சலும் தீயும் அண்டாமல் காப்பதே முதல் வேலை.

அவை போதாமல், ஆனால் சில கிலோமீட்டருக்குள் இயற்கைக் காடு எஞ்சியிருந்தால், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1980களில் தோன்றி, பின்னர் வடக்குத் தாய்லாந்தில் சியாங் மாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செம்மைப்படுத்திய முறையைப் பரிந்துரைக்கிறேன். விரைவில் நிழல் பரப்பிப் புல்லை அடக்குபவையும், இளமையிலேயே காய்த்துப் பறவைகளையும் வௌவால்களையும் ஈர்ப்பவையுமான 20 முதல் 30 உள்ளூர் இனங்களை, ஏறத்தாழ 1.8 மீட்டர் இடைவெளியில் கலந்து நடுவார்கள். அத்தி இனங்களுக்கு இதில் தனி இடம் உண்டு. ஏனைய இனங்களின் விதைகளைப் பெரும்பாலும் வந்தமரும் பறவைகளும் விலங்குகளுமே கொண்டுவந்து சேர்க்கும். எனினும் இருவாச்சி போன்ற பெரும்பறவைகள் அற்றுப்போன இடங்களில் பெருவிதை மரங்கள் தாமாக வந்து சேர்வது அரிது; அவற்றை நம் கையால் நடாவிட்டால் அந்தக் காடு குறையுடையதாகவே நிற்கும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: சேமித்து வைத்த காட்டுமர விதைகள் முளைக்கவே இல்லையே, ஏன்?

பதில்: ஈரக்காட்டு மரங்கள் பலவற்றின் விதைகள் உலர்ந்தால் உயிரிழந்துவிடும். சால் போன்ற மரங்கள் அடங்கிய டிப்டிரோகார்ப் குடும்பத்து விதைகள் பல, சில நாட்களிலோ வாரங்களிலோ முளைப்புத்திறனை இழந்துவிடுகின்றன. பொறுக்கிய கையோடு விதையுங்கள். ஒரே தாய்மரத்திலிருந்து எடுக்காமல் பல மரங்களிலிருந்து சேகரித்தால், பின்வரும் தலைமுறைகளில் நெருங்கிய உறவு மரங்களுக்குள்ளேயே நிகழும் உட்கலப்பு குறையும்.

கேள்வி: வேகமாக வளரும் ஒரே அயல்மரத்தை நடுவது எளிதல்லவா?

பதில்: எளிதுதான். ஆனால் உள்ளூர்ப் பூச்சிகளில் பல, தாம் பழகிய சில இனங்களின் இலையை மட்டுமே தின்பவை. பூச்சி இல்லாத இடத்தில் குஞ்சுக்கு இரை தேடும் பறவையும் தங்காது.

கேள்வி: மரமில்லாத புல்வெளியையும் காடாக்கலாமா?

பதில்: அது காடழிந்து உண்டான புல்வெளியா, தொன்றுதொட்டே புல்வெளியா என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். நிலத்தடிக் கிழங்கும் தடித்த வேர்க்கட்டையும் கொண்டு, தீக்குப் பின்னும் துளிர்க்கும் பல்லாண்டுச் செடிகள் நிறைந்திருந்தால் அது பழம்புல்வெளியாக இருக்கக்கூடும். அங்கே மரம் நட்டால், வெயிலை நம்பி வாழும் அச்செடிகளும், தரையில் கூடுகட்டும் பறவைகளும் அழியும். அத்தகைய நிலத்தில் ஒரு குழிகூட வெட்டாதீர்கள்.