பி.டி. பருத்தி போட்டும் காய்க்குள் புழு இருக்கிறதே, விதை போலியா?

பி.டி. பருத்தி என்பது காய்ப்புழுவைக் கொல்லும் நச்சைச் செடியே சுரக்கும்படி மரபணு மாற்றியது. பத்துப் பச்சைக் காய்களை உடைத்துப் பாருங்கள். வெளியே பெரிய ஓட்டையும் எச்சமுமாக, பருத்த பச்சை அல்லது பழுப்புப் புழு இருந்தால் அது அமெரிக்கன் காய்ப்புழு. அப்போது விதையைச் சந்தேகப்படலாம். இலையை நசுக்கி, பி.டி. சோதனைக் கீற்றை வைத்தால் அந்த நச்சு இருக்கிறதா என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். காய் வெளியே பழுதில்லாமல், உள்ளே விதையைத் தின்னும் இளஞ்சிவப்புப் புழு என்றால் விதை பெரும்பாலும் அசல்தான். புழுதான் நச்சைத் தாங்கப் பழகிவிட்டது.

2002-ல் வந்த பி.டி. ரகங்களில் கிரை1ஏசி என்ற ஒரே நச்சுப் புரதம். அதைத் தாங்கும் இளஞ்சிவப்புப் புழு குஜராத்தில் இருப்பது 2010-ல் தெரியவந்தது. 2006-ல் அனுமதி பெற்ற போல்கார்டு-2 என்ற அடுத்த தலைமுறை பி.டி. பருத்தியில் கிரை2ஏபி என்ற இரண்டாவது நச்சும் சேர்ந்தது; அதையும் இந்தப் புழு பத்தாண்டுக்குள் கடந்தது.

அமெரிக்கன் புழுவுக்குத் துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என்று வேறு தீனி உண்டு; நச்சே படாத அந்துப்பூச்சிகள் அங்கிருந்து வந்து கலப்பதால், நச்சைத் தாங்கும் குணம் எளிதில் பரவாது. இளஞ்சிவப்புப் புழுவுக்குப் பருத்தியே கதி. நச்சு படாத அந்துப்பூச்சிகள் வயலிலேயே வளரட்டும் என்றுதான் வயலோரம் விதைக்க 120 கிராம் பி.டி. அல்லாத சாதா விதை தனியாகக் கொடுத்தார்கள். பெரும்பாலோர் விதைக்கவில்லை. இன்னொரு கோளாறு: நம்முடையது கலப்பின விதை. அதன் காய்க்குள் ஒரு நச்சுக்கு நாலில் ஒரு விதை நச்சில்லாமலே விளையும். அரைகுறையாகத் தாங்கும் புழு அதைத் தின்று பிழைத்துக்கொள்ளும்.

விதைத்த 45 நாளில் ஏக்கருக்கு இரண்டு இனக்கவர்ச்சிப் பொறி (பெண் பூச்சியின் மணத்தால் ஆண் அந்துப்பூச்சியை இழுப்பது), செடி நுனிக்கு ஓரடி மேலே வையுங்கள். தொடர்ந்து மூன்று இரவு, இரவுக்குப் பொறி ஒன்றில் எட்டு அந்துப்பூச்சி விழுந்தாலோ, உடைத்த 20 காயில் இரண்டில் புழு இருந்தாலோ மருந்து அடியுங்கள். ரோஜா மொட்டுப்போல் சுருண்டு மூடிய பூக்களைக் கிள்ளி அழியுங்கள். முட்டையிலிருந்து பொரிந்த குஞ்சுப்புழு சீக்கிரமே காய்க்குள் போய்விடும், ஓட்டையும் அடைபடும். பிறகு எவ்வளவு அடித்தாலும் காசுதான் கரையும். தொடக்கத்திலேயே பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து அடித்தால் வெள்ளை ஈ பெருகும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கடைசிப் பறிப்புக்கு ஆசைப்பட்டுப் பயிரை இழுக்காமல் 160 நாளுக்குள் முடிப்பது. பறிப்பு முடிந்த செடித்தண்டான பருத்திமாரை விறகுக்கென்று வரப்பில் அடுக்காதீர்கள். அதில் ஒட்டிய, சரியாக வெடிக்காத கொட்டுக்காய்க்குள் புழு உறங்கி அடுத்த பட்டத்துக்கு வரும். துண்டாக்கி உழுதுவிடுங்கள். பக்கத்தில் பஞ்சையும் விதையையும் பிரிக்கும் ஜின்னிங் மில் இருந்தால் அங்கும் பொறி வைக்கச் சொல்லுங்கள்.